இயற்கை உரமும் செடியைக் கொல்லும்

"இயற்கை உரம்தானே சார், கொஞ்சம் கூடப் போட்டா என்ன ஆகிடப் போகுது?" மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆகும். மண்ணையும் உரத்தையும் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. சென்னையில் மொட்டை மாடிச் செடி வாடுகிறது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் செடி உரம் போதாமல் சாவதில்லை. அளவுக்கு மீறிப் போட்டதாலோ, மக்காததை மக்கியது என்று நம்பிப் போட்டதாலோதான் சாகிறது.

அம்பத்தூரில் ஒரு அம்மா வீட்டுக் கத்தரிச் செடிகள். இலையின் ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. குரோ பேக்கின் உள்விளிம்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் சுரண்டிக் காட்டி, "என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டேன். வேப்பம்புண்ணாக்கு, கடலைப்புண்ணாக்குக் கரைசல், மண்புழு உரம், மீன் அமிலம், வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னார், எல்லாம் ஒரே மாதத்துக்குள். "கெமிக்கல் மட்டும் ஒரு துளிகூடப் போடலை சார்" என்றார் பெருமையாக. தண்ணீர்? ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீர், வீணாகக் கூடாதே என்று.

அந்த வெள்ளைப் படிவு உப்பு. புண்ணாக்கோ சாணமோ, எதுவாக இருந்தாலும் மக்கும்போது அதிலிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் கரையும் உப்புகளாக மண்ணில் இறங்கும். அது மூட்டை ரசாயன உரத்திலிருந்து வந்ததா, மாட்டுச் சாணத்திலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை, தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி வாடும். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்கு உப்பின் அளவு, அதாவது மின் கடத்துத்திறன், மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். வயலில் மழை வந்து உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், பன்னிரண்டு அங்குலப் பைக்குள் அது எங்கே போகும்? அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பையின் அடித்துளை வழியாகத் தண்ணீர் நன்றாக ஓடி வெளியேறும்படி நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள், ஒரு மாதம் எந்த உரமும் வேண்டாம், ஆர்.ஓ. கழிவு நீரை வாசல் கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மக்காத உரம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்ந்து வேண்டும். கரிச்சத்து மட்டும் எக்கச்சக்கமாக இருக்கும் பொருளை, உதாரணத்துக்கு மரத்தூளையோ பாதி மக்கிய சருகையோ, அப்படியே மண்ணில் கலந்தால், அதைத் தின்று தீர்ப்பதற்காக நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். செடி வெளிறிப்போய் நிற்கும். உடனே "சத்து இல்லை" என்று இன்னும் கொஞ்சம் உரத்தைக் கொட்டுவோம். கம்போஸ்ட் தொட்டியில் ஆரம்பத்திலேயே கரி 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று வைத்தால் ஒழுங்காக மக்கும். மக்கி முடிந்ததும் அந்த விகிதம் 20-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், ஒரு பக்கெட் காய்கறிக் கழிவுக்கு இரண்டு பக்கெட் காய்ந்த இலை. தொட்டி நாறுகிறது என்று சொல்பவர்கள் எல்லோரும் சமையலறைக் கழிவை மட்டும் போட்டு மூடி வைத்தவர்கள்தான். தெருவில் புங்கை இலையையும் வேப்பிலையையும் கூட்டிக் குவித்துக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், இந்த ஊரில் கம்போஸ்டுக்குக் குறையாக இருக்கும் ஒரே பொருள் அதுதான்.

மக்கிவிட்டதா என்று பார்க்க மூக்கு போதும். முதல் மழைக்குக் கிளம்பும் மண் வாசனை வந்தால் சரி. புளித்த வாடையோ கண்ணைக் கரிக்கும் நெடியோ வந்தால் வேலை முடியவில்லை. சந்தேகமாக இருந்தால் ஈரமான உரம் ஒரு கைப்பிடியை ஜிப் கவரில் போட்டுக் காற்று வெளியேற்றி மூடி, மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தால் திரும்பத் தொட்டிக்கே. இன்னொன்று, ஒரு தட்டில் உரத்தையும் மண்ணையும் பாதிப் பாதி கலந்து வெந்தயம் தூவுங்கள், பக்கத்தில் வெறும் மண்ணிலும் தூவுங்கள். உரம் கலந்த தட்டில் முளைப்பு குறைந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

கோகோ பீட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். தென்னை நார்க் கழிவு உரமே இல்லை, ஈரம் பிடித்து வைக்கும் ஊடகம். மக்காத நார்க் கழிவில் கரி-தழைச்சத்து விகிதம் 112-க்கு 1 என்ற அளவில் இருக்கும், உப்பும் இருக்கும். கட்டியை ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டி, இரண்டு முறையாவது அலசிய பிறகே கலக்க வேண்டும்.

புழு விஷயத்தில் நிறையப் பேர் பயந்து தொட்டியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சமையலறைக் கம்போஸ்டில் பழுப்பாக, தட்டையாக, மொத்தமாக நெளிவது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. அது கழிவைத் தின்று உங்கள் வேலையைக் குறைக்கிறது, விட்டுவிடுங்கள். ஆனால் வாங்கி வந்த தொழு உரத்தில் வெள்ளையாக, தடித்து, பழுப்புத் தலையோடு 'சி' மாதிரி சுருண்டு கிடந்தால் அது வண்டுப் புழு. சிலது வேரையும் கடிக்கும். சாணி எருவைத் தரையில் பரப்பிக் கிளறிப் பார்த்துப் பொறுக்கிவிட்டு அப்புறம் பைக்குள் போடுங்கள்.

பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் கரைத்து ஊற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. ஈ. கோலை போன்ற கிருமிகள் அப்படியே இலையில் ஏறும், கீரையை நாம் கொஞ்ச நேரம்தான் வேகவைக்கிறோம், கொத்தமல்லியை வேகவைப்பதேயில்லை. மண்ணில் படும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்குள் 120 நாள் கடந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. நம் சிறுகீரை 25, 30 நாளில் தட்டுக்கு வந்துவிடுகிறது, யோசித்துப் பாருங்கள். உர மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிரியுங்கள், அந்தத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

இவ்வளவு சொன்னதால் நான் இயற்கை உரத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூர், மதுராந்தகம் பக்கத்து விவசாயிகளிடம் நான் முதலில் கேட்பதே "தொழு உரம் எவ்வளவு அடிச்சீங்க?" என்பதுதான். ஹெக்டேருக்கு 12.5 டன் என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை, ஏக்கருக்கு ஐந்து டன். அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால் 25 கிலோ, ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட, அதுவும் முதல் வருஷமே முழுதாகக் கிடைக்காது. அப்படியானால் ஏன் ஐந்து டன் சுமக்க வேண்டும்? மண் பொலபொலவென்று ஆவதற்கு, ஈரம் தங்குவதற்கு, மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனி கிடைப்பதற்கு. நம் வெயிலில் மண்ணின் கரிமச்சத்து வேகமாக எரிந்துபோகும், ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. மண் பரிசோதனையில் கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எழுதித் தருவார்கள். எருவோடு, மழைக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவது செலவு குறைந்த வழி.

சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யம் பற்றியும் கேட்பார்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கியது, லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பது வழக்கம், தாராளமாகத் தெளியுங்கள். ஆனால் மண் கட்டியாக இருக்கும்போது தெளிப்பை மட்டும் நம்பினால் பலன் தெரியாது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகள் உயிருள்ளவை, கடை வாசலில் வெயிலில் கிடந்ததையும் தேதி தாண்டியதையும் வாங்காதீர்கள்.

மாடியில் ஆடிப் பட்டத்துக்கு விதைப்பதாக இருந்தால் தொட்டியைச் சித்திரையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். சென்னை வெயிலில் அது மக்குவதற்கு முன் காய்ந்துவிடும், ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் எப்போதும் இருக்கட்டும், வாரம் ஒரு முறை கிளறி விடுங்கள். மக்கி முடிந்த பிறகும் இரண்டு வாரம் நிழலில் ஆற வைத்து, பைக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலக்குங்கள். ஐப்பசி மழையில் பைச் சத்தெல்லாம் வடிந்துவிடும் என்பதால், மிச்சமிருக்கும் உரத்தை மழை விட்ட பிறகு மேலாகப் போட எடுத்து வையுங்கள்.