வரப்புத் தேக்கு: கன்று இலவசம், காகிதம்தான் முக்கியம்

டெல்டாக்காரரிடம் என்ன விவசாயம் என்று கேட்டால் குறுவை, சம்பா, உளுந்து, வாழை, தென்னை என்று சொல்லி நிறுத்திவிடுவார். வரப்பில் நிற்கும் தேக்கையோ கொல்லைக் கடைசியில் நிற்கும் வேம்பையோ அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்கு அது வீடு கட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் ஆகும், இல்லாவிட்டால் அவசரத்துக்கு விற்கலாம், அவ்வளவுதான். ஆனால் நாட்டுக்கு மரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த வரப்பு மரம் சின்ன விஷயம் இல்லை.

1988இல் வந்த தேசிய வனக் கொள்கைக்கு முன்பு, காகித ஆலைக்கும் பிளைவுட் ஆலைக்கும் அரசுக் காட்டிலிருந்து மலிவு விலையில் மரம் போனது. மரத் தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாகத் தொடர்பு வைத்து வளர்த்துப் பெற வேண்டும் என்று அந்தக் கொள்கை சொன்னது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், எங்கே, எவ்வளவு வெட்டலாம் என்று வகுத்து அங்கீகரிக்கப்பட்ட வேலைத் திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. காட்டுக் கதவு அநேகமாகச் சாத்தப்பட்டது. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசும் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்த, 'பர்மா தேக்கு' வரும் வழியும் அடைபட்டது. மரம் கேட்கிறவர்கள் மட்டும் குறையவில்லை.

அதனால் இன்று அறுவை மில்லுக்கும் காகித ஆலைக்கும் போகிற மரத்தில் பெரும்பங்கு வயலிலிருந்துதான் போகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை, காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 9.15 கோடி கன மீட்டர் தொழில் மரம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று மதிப்பிடுகிறது. நாட்டின் நிலப்பரப்பில் காடு 21.76 சதவீதம், காட்டுக்கு வெளியே உள்ள மரப்பரப்பு வெறும் 3.41 சதவீதம். ஆனாலும் மரத் தொழிலின் பாரம் பெரும்பாலும் காட்டுக்கு வெளியே நிற்கும் மரத்தின் மேல்தான் இருக்கிறது. அரசு கன்றை இலவசமாகக் கொடுப்பதற்கு நிழலும் மழையும் மட்டும் காரணம் இல்லை.

சரி, என்ன கொடுக்கிறார்கள்?

தமிழ்நாடு அரசு 2021–22இல் தொடங்கியது 'நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கம்'. வேளாண்மைத் துறை நடத்துகிறது, கன்று வனத்துறை நாற்றங்காலிலிருந்து வருகிறது. வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்கத் தோப்பாக நட்டால் ஏக்கருக்கு 160 கன்று. தேக்கு, மகோகனி, வேங்கை, மலைவேம்பு, செம்மரம், சந்தனம் என்று வகை உண்டு. உங்கள் வட்டாரத்து நாற்றங்காலில் அந்தப் பருவத்தில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். செல்போன் ஒத்துவராதவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரே போகலாம்.

கன்றோடு ஊக்கத்தொகையும் உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கிற ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய், ஆக மொத்தம் 21 ரூபாய். 50 கன்றும் பிழைத்தால் மூன்று ஆண்டில் 1,050 ரூபாய். ஆட்டுக்கு வேலி கட்டவே இது காணாது. இந்தப் பணத்துக்காக யாரும் மரம் நட வேண்டாம். ஆனாலும் பதிவை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மத்திய அரசு 2014இல் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை கொண்டுவந்தது. 2016–17இல் 'வரப்புக்கு ஒரு மரம்' என்ற பெயரில் துணை இயக்கம் ஒன்று வந்தது. மரம் வெட்டவும் ஏற்றிப் போகவும் விதிகளைத் தளர்த்திய மாநிலங்களுக்குத்தான் அந்த இயக்கத்தின் பணம் என்று அதில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அது சரியான நிபந்தனை. வெட்டி விற்க முடியாது என்று தெரிந்தால் யார் நடுவார்கள்? இது போக, 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் இருக்கிறது. மாநிலத்தின் காடும் மரப்பரப்பும் சேர்ந்து 33 சதவீதம் ஆக வேண்டும் என்பது அதன் இலக்கு.

எங்கே நடலாம், எங்கே கூடாது

இலவசக் கன்று என்றதும் வாங்கி வரிசையாக நட்டு, அடுத்த தை மாதம் பாதியைக் காணாமல் நிற்பவர்கள் டெல்டாவில் நிறைய. பழைய டெல்டாவின் களி நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வடியாது. தேக்குக்குக் காலில் தண்ணீர் நின்றால் ஆகாது. அதே தேக்கு ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் நன்றாக வரும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வண்டல் மண், ஈரம், வடிகால் மூன்றும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் செம்மண் மேட்டிலும் தேக்கு, மகோகனி, வேங்கை தாராளமாக வரும். தண்ணீர் நிற்கிற நஞ்சை வரப்புக்கு நீர்மருது பொருந்தும். கொள்ளிடத்துப் படுகைக்கு மூங்கில்.

வரப்பில் நடுவதென்றால் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று அறுவடை மெஷின். அது வயலுக்குள் இறங்கவும் திரும்பவும் இடம் விடாமல் நட்டுவிட்டால், ஐந்தாம் வருஷம் ஒன்று மரத்தை வெட்ட வேண்டும், இல்லை கதிரைக் கையால் அறுக்க ஆள் தேட வேண்டும். இன்னொன்று பொது வரப்பு. பக்கத்து வயல்காரருக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கிற வரப்பில் மரம் நட்டால், நிழல் அவர் நெல்லில் விழும்போது ஒரு சண்டை, மரம் விலை போகும்போது ஒரு சண்டை. உங்கள் வயலின் உள்வரப்பே போதும்.

கஜா புயலை மறந்துவிட முடியாது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தக் காற்று, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி வரை தென்னையை வேரோடு சாய்த்தது. அத்தனை மரமும் ஒரே வாரத்தில் விழுந்ததால் வாங்க ஆள் இல்லை. அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு, அகற்றக் கூலி கொடுத்தவர்களும் உண்டு. கடலோரத்தில் ஒரே வகை மரத்தை முழு ஏக்கருக்கும் நட்டுவிட்டு இருபது வருஷம் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மணல் பூமிக்குச் சவுக்குதான் பழகின மரம். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டிவிடலாம். பருமனானது சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும், மற்றது டன் கணக்கில் காகித ஆலைக்கு. கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு மரம் வளர்க்கிறது. ஒப்பந்தத்தில் விலை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யார் தலையில் என்ற இரண்டு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காகிதம்

இப்போது பதிவு விஷயத்துக்கு வருகிறேன். தேக்கை வெட்டி லாரியில் ஏற்றினால் வழியில் கேட்கிற முதல் கேள்வி, 'இது எந்த இடத்து மரம்?' வாய்க்கால் கரையிலும் தேக்கு, உங்கள் வரப்பிலும் தேக்கு. கட்டையில் ஊர் பேர் எழுதியிருக்காது. கரையில் நிற்பது அரசு மரம், அதில் கை வைத்தால் வழக்கு. ஆகவே இது பட்டா நிலத்தில் நான் நட்டு வளர்த்த மரம் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. இலவசக் கன்று வாங்கியபோது போட்ட பதிவு, ஊக்கத்தொகைக்காக அலுவலர் வந்து எண்ணிய கணக்கு, அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் கிராம நிர்வாக அலுவலர் எழுதிய மர விவரம் எல்லாம் அன்றைக்குத்தான் பேசும். நட்ட வருஷமே அடங்கலில் மரத்தை ஏற்றச் சொல்லுங்கள். இருபது வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், அப்போது இருக்கிற விஏஓவுக்கு உங்கள் வரப்பும் தெரியாது, உங்களையும் தெரியாது.

மரம் ஏற்றிப் போவதற்குத் தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. சவுக்கு, தைலமரம் போன்றவற்றுக்குப் பாஸ், அதாவது ஏற்றிப் போகும் அனுமதிச் சீட்டு, தேவை இல்லை. தேக்குக்கு வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், எத்தனை மரம், என்ன சுற்றளவு என்ற விவரத்தோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்தால், வந்து பார்த்து அனுமதி தருவார்கள். வெட்டிய பிறகு மனு கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வியாபாரி 'பாஸ் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் பாஸின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். மனுவில் 12 மரம் என்று எழுதிவிட்டு லாரியில் 20 மரம் போனால் பதில் சொல்லப் போவது நீங்கள்.

சந்தனமும் செம்மரமும் வேறு கதை. பட்டா நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம், மரம் உங்களுடையதுதான். ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாக, 2008ஆம் ஆண்டு விதிகளின்படி. நீங்களே கோடரியைத் தூக்கக் கூடாது. செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஏக்கருக்கு இத்தனை கோடி என்று யூடியூபில் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். 1990களில் 'பணம் கட்டுங்கள், தேக்கு வளர்த்துத் தருகிறோம்' என்று வந்த நிறுவனங்கள் பலரின் சேமிப்போடு காணாமல் போனதும், அதன் பிறகு 1999இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதி போட்டதும் நினைவில் இருக்கட்டும். மூங்கிலுக்கு மட்டும் விடுதலை கிடைத்துவிட்டது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மத்திய அரசின் இந்திய வனச் சட்டப்படி மரம் அல்ல என்று 2017இல் மாற்றிவிட்டார்கள்.

புறம்போக்கில் நிற்கும் புளி, தென்னைக்கு 2சி பட்டா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது காயை, பழத்தை அனுபவிக்கிற உரிமை. மரத்தை வெட்டி விற்கிற உரிமை இல்லை. குத்தகைக்காரர் பாடு இதைவிடச் சிக்கல். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், அங்கே குத்தகை நெல்லுக்குத்தான் பேசப்பட்டிருக்கும். நட்டது நான் என்று பிறகு சொல்லிப் பயன் இல்லை. எழுத்தில் அனுமதி வாங்காமல் நீண்ட கால மரம் எதையும் நட வேண்டாம்.

அளவும் விலையும்

மரவாடியில் தேக்கைக் கன அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். கட்டையின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடிக் கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். சுற்றளவு 40 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, வகுத்தல் 144. கிட்டத்தட்ட 6.9 கன அடி. அந்தக் கட்டையின் உண்மையான கன அளவு 8.8க்கு மேல். அறுக்கும்போது விளிம்பில் கழியும் என்று வைத்து நூறில் இருபத்தொன்றை முறையிலேயே தள்ளிவிடுகிறார்கள். இது ஏமாற்று இல்லை, ஊருக்கே பொதுவான கணக்கு. ஆனால் இதற்கு மேலும் பட்டைக்கு இவ்வளவு, கோணலுக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது, ஏற்கெனவே கழித்தாயிற்றே என்று கேட்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டேப்பை நீங்களும் ஒரு முனையில் பிடியுங்கள்.

நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் எவ்வளவு, அதைச் சுற்றி இருக்கும் மென்மையான வெளிறு எவ்வளவு என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். தண்ணீரும் உரமும் ஊற்றிப் பத்து வருஷத்தில் பெருக்க வைத்த மரத்தில் வெளிறு அதிகம், ஆசாரி பார்த்ததும் சொல்லிவிடுவார். நல்ல மரத்துக்கு டெல்டாவிலேயே தேவை இருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா வேண்டும், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா வேண்டும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆச்சாவுக்குப் பழைய வீடு இடிக்கிற இடத்தில் உத்திரக் கட்டை தேடுகிறார்கள் நாகஸ்வரம் செய்கிறவர்கள். இலவசக் கன்றுப் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வருமான வரி பற்றியும் பலர் கேட்பார்கள். நிலத்தை உழுது, கன்று நட்டு, பராமரித்து வளர்த்த மரத்தை விற்ற பணம் விவசாய வருமானம், தானாக முளைத்ததை வெட்டி விற்றால் அப்படி இல்லை என்பது 1957இல் பினய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அடிப்படை. இங்கேயும் நட்டதற்கான பதிவுதான் கைகொடுக்கும்.

2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விவசாய நிலத்தில் மரம் வெட்டுவதற்கு மாதிரி விதிகளை அனுப்பியிருக்கிறது. தோட்டத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 10 மரம் வரை என்றால் படம் ஏற்றி விண்ணப்பிக்கலாம், அதற்கு மேல் என்றால் ஆள் வந்து சரிபார்ப்பார்கள். மாநில அரசு தன் விதியாக அறிவித்தால்தான் இது செல்லும். நட்ட தேதி, வகை, எண்ணிக்கை, இடம் என்று அதில் கேட்கிற விவரம் எல்லாம் நடுகிற அன்றைக்கே எழுதி வைக்கக்கூடியவைதான். கன்று வாங்கப் போகிறவர்கள் புரட்டாசிக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள், மழைக்கு முன்னால் வேர் பிடிக்க வேண்டும்.