பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் டிரைவர்: போடும் முன் எடுங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பத்திர எழுத்தர் ஒருவர் ஒரு முகூர்த்த நாளில் காலை பத்தரை மணிக்குப் போன் செய்தார்.

"தம்பி, பிரிண்டர் டிரைவர் எக்ஸ்பயரி ஆயிடுச்சாம். 2,999 ரூபா கட்டினா புதுப்பிச்சுத் தர்றாங்களாம். கட்டட்டுமா?"

"யாருங்கய்யா சொன்னது?"

"கஸ்டமர் கேர்ல தான். நெட்ல நம்பர் பார்த்துப் பேசினேன். இப்போ அவங்கதான் அங்கே இருந்து நம்ம கம்ப்யூட்டரை ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

உடனே நெட் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.

பிரிண்டர் டிரைவருக்குக் காலாவதி என்று ஒன்று கிடையாது. அது மாத்திரை அட்டை இல்லை. கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். பிரிண்டர் வாங்கியபோதே அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தாயிற்று. சந்தா கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போய்ப் பார்த்தால் டிரைவரில் கோளாறே இல்லை. முந்தின நாள் கடையைக் கூட்டிப் பெருக்கியபோது யாரோ யூஎஸ்பி கேபிளைக் கழற்றி வேறொரு துளையில் சொருகியிருக்கிறார்கள். அவர் வைத்திருப்பது விண்டோஸ் 7. சில பிரிண்டர்களைத் துளை மாற்றிச் சொருகினால், புதிதாக இன்னொரு பிரிண்டர் வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். அதே பெயரில், பின்னால் 'காப்பி 1' என்ற ஒட்டோடு ஒரு படம் முளைக்கும். பழைய படம் மங்கிப்போய் ஆஃப்லைன் என்று நிற்கும். நாம் கொடுக்கும் பிரிண்ட் எல்லாம் அந்தப் பழைய படத்துக்கே போய்க் கிடக்கும். கேபிளை முன்பு இருந்த துளைக்கே மாற்றினால் போதும். அல்லது பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, யூஎஸ்பி001-க்குப் பதில் யூஎஸ்பி002-இல் டிக் போடலாம். இரண்டு நிமிட வேலை.

ஆனால் அன்று அது இரண்டு நிமிடத்தில் முடியவில்லை. எனக்குப் போன் செய்வதற்கு முன்பே, நெட்டில் தேடி வெவ்வேறு தளங்களிலிருந்து மூன்று 'டிரைவர்'களை இறக்கிப் போட்டிருந்தார். ஒன்று வேறு மாடலுக்கானது. இன்னொன்று டிரைவரே இல்லை, 'உங்கள் கம்ப்யூட்டரில் 37 டிரைவர்கள் பழசாகிவிட்டன' என்று மிரட்டிக் காசு கேட்கும் மென்பொருள். மூன்றாவது என்னவென்று எனக்கே பிடிபடவில்லை.

தெரியாத ஒரு கேமை இறக்கிப் போடுவதும் தெரியாத ஒரு பிரிண்டர் டிரைவரைப் போடுவதும் ஒன்றல்ல. விண்டோஸில் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சேவைக்குப் பிரிண்ட் ஸ்பூலர் என்று பெயர். அது கம்ப்யூட்டரின் உச்சபட்ச அதிகாரத்தோடு ஓடுகிறது, டிரைவரும் அதையே ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. அதனால்தான் திருடர்களுக்கு இந்த வாசல் மேல் எப்போதும் ஒரு கண். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று ஸ்பூலரில் இருந்தது. 2021-இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை வெளிவந்தபோது, 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கும்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒட்டு போட்டது.

சரி, டிரைவர்தான் கோளாறு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது, அல்லது புதுப் பிரிண்டரே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, பழையதை எடுப்பது. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பிரிண்டர் படத்தை ரைட் கிளிக் செய்து நீக்கினால் படம்தான் போகும், டிரைவர் உள்ளேயே இருக்கும். அடுத்த முறை கேபிளைச் சொருகியதும் விண்டோஸ் அதே பழுதான டிரைவரைத் தேடி எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளும். "பத்து தடவை அழிச்சுட்டுப் போட்டேன், அப்படியேதான் வருது" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்வது இதனால்தான்.

விண்டோஸ் 7-இல் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. முதலில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் பக்கத்தில் அந்தப் பிரிண்டரின் படங்களை, 'காப்பி' உட்பட எல்லாவற்றையும், நீக்குங்கள். பிறகு மீதி இருக்கும் ஏதாவது ஒரு பிரிண்டரைச் சொடுக்கினால் மேலே 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' என்று வரும். எதையும் சொடுக்காமல் அது கண்ணில் படாது, நானே ஆரம்பத்தில் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். அதில் டிரைவர்ஸ் பக்கம் போய், உரிய பெயரைத் தேர்ந்து ரிமூவ் கொடுங்கள். டிரைவரை மட்டும் நீக்கவா, டிரைவரோடு பேக்கேஜையும் (அதைப் போடுவதற்கென்று உள்ளே வைத்திருக்கும் கோப்புகளையும்) சேர்த்து நீக்கவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது அரைகுறை வேலை.

சில நேரம் 'டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது' என்று அடம்பிடிக்கும். பெரும்பாலும் எப்போதோ கொடுத்த பிரிண்ட் ஒன்று வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கும். சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் கிடப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள். ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டு, வேறு எதையும் திறக்காமல் கையோடு டிரைவரை நீக்கினால் போய்விடும். பத்திர எழுத்தர் கடையில் அந்த ஃபோல்டரில் பதினோரு பிரிண்டுகள் காத்துக் கிடந்தன, எல்லாம் ஒரே கிரயப் பத்திரம். அழிக்காமல் பிரிண்டரை ஓடவிட்டிருந்தால் முத்திரைத் தாள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி புதியது. கம்ப்யூட்டர் என்ற படத்தை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 32 பிட்டா, 64 பிட்டா என்று தெரியும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறாது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நெட்டில் தேட வேண்டாம். குரோம் உலாவியே 2023-இல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. வேறொரு நல்ல கம்ப்யூட்டரில், பிரிண்டர் கம்பெனியின் முகவரியை நீங்களே டைப் செய்து போய் இறக்குங்கள். தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். சாம்சங் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: அந்தப் பிரிண்டர் தொழிலை 2017-இல் எச்பி வாங்கிவிட்டது, டிரைவரை எச்பி தளத்தில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் அலைகிறவர்கள்தான் போலித் தளங்களில் போய் விழுகிறார்கள்.

டிரைவரில் போட்டிருக்கும் மாடல் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் விட்டுவிடுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 மாதிரிப் பிரிண்டர்கள் பக்கத்தைத் தயார் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டுகிறவை. 1020-க்கு, பவர் போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஓடும் நிரலைக்கூட டிரைவர்தான் ஊட்டிவிட வேண்டும். இவற்றுக்கு 'எல்லாப் பிரிண்டருக்கும் ஒரே டிரைவர்' சரிப்படாது. டாட் மேட்ரிக்ஸுக்கு விண்டோஸுடனேயே வரும் ஜெனரிக் டெக்ஸ்ட் டிரைவரைப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆங்கில பில் வரை ஓடும், தமிழில் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும்.

போடும் முன் ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும். கேபிளைச் சொருகுவது கடைசியில்தான், திரையில் கேட்கும்போது. அவசரப்பட்டு முதலிலேயே சொருகினால் 'அன்ஸ்பெசிஃபைட்' என்ற தலைப்பில் பிரிண்டர் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை வேறு தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை, அதாவது அது யார் தந்தது என்பதற்கான அத்தாட்சியை, சரிபார்க்க முடியவில்லை என்று விண்டோஸ் தடுத்தால்? எஃப்8 அழுத்தி அந்தச் சோதனையை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அப்படி அணைப்பது அந்த ஒரு முறை ஆன் செய்ததோடு சரி, மறுநாள் காலை சோதனை திரும்ப வந்து நிற்கும். உண்மைக் காரணம் பல நேரம் வேறு. புது டிரைவர்களில் உள்ள ஷா-2 வகைக் கையெழுத்தைப் பழைய விண்டோஸ் 7-க்குப் படிக்கத் தெரியாது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2015-லேயே கொடுத்துவிட்டது. அதைப் போட்டபிறகும் தடுத்தால் அந்த டிரைவரே வேண்டாம்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரிண்டரில் 11பி என்று முடியும் பிழை வந்தால், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கச் சொல்வார்கள். பிரிண்ட் வரும், கூடவே பாதுகாப்புக்காக மைக்ரோசாஃப்ட் 2021-இல் போட்ட பூட்டும் திறந்துவிடும். நான் அதைச் செய்வதில்லை. பிரிண்டரில் நெட்வொர்க் துளை இருந்தால் நேரே அதில் இணைத்துவிடுவேன்.

பத்திர எழுத்தரிடம் வருகிறேன். கஸ்டமர் கேர் என்று பேசிய அந்த ஆள் பத்து நிமிடம் கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறான். தொலைவிலிருந்து ஓட்டும் மென்பொருளை நீக்கி, உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் அழித்தேன். வங்கிக் கடவுச்சொல்லை அவர் போனிலிருந்து மாற்றச் சொன்னேன். பணம் போகவில்லை. போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருக்க வேண்டும். மூன்று போலிகளையும் எடுத்துவிட்டு, அவர் பீரோவில் தேடி எடுத்த பழைய சிடியிலிருந்தே டிரைவரைப் போட்டேன். அதை ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டே காலுக்கு முதல் பத்திரம் வெளியே வந்தது, டோக்கன் நேரத்துக்குக் கால் மணி முன்னால்.

அடுத்த தடவை டோனர் மாற்றப் போனபோது பார்த்தேன். பிரிண்டரின் முதுகில் ஒரு கவரை செல்லோ டேப்பால் ஒட்டி, உள்ளே பென் டிரைவை வைத்திருந்தார். கவரின் மேல், பத்திரம் எழுதும் அதே கையெழுத்தில், என் போன் நம்பர்.