முள் எப்போது ஏறுகிறது? பழைய காரின் ஃபேனும் ஒழுகும் தண்ணீரும்

ரயில்வே கேட்டில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, தஞ்சாவூர்–திருச்சி நாற்கரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறுகிறதா? பழைய கார் சூடாகிறது என்று யார் வந்தாலும் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். பல பட்டறைகளில் கேட்பதில்லை. முதல் வாரம் ஃபேன் மோட்டாரை மாற்றுவார்கள், அடுத்த வாரம் ரேடியேட்டரை. அதற்கும் அடங்காவிட்டால், சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள். செலவு ஏறும், முள் இறங்காது.

நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. ஃபேன் ஓடவில்லை, அல்லது ஓடியும் காற்றை இழுக்கவில்லை. ஓட்டத்தில் ஏறினால் ஃபேனைத் தொடவே வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போது தண்ணீரின் சுற்றைத்தான் பார்க்க வேண்டும்: ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கும், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கும், அல்லது வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாது. நின்றாலும் ஓடினாலும் ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

டெல்டாவுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம்தான். எஞ்சின் மூச்சுப் பிடித்து இழுக்கவேண்டிய வேலையே வருவதில்லை. அதனால் பாதி அடைத்த ரேடியேட்டரோடு மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் வருடக்கணக்கில் ஓடிய வண்டி, கோடை விடுமுறையில் கொடைக்கானல் ஏறும்போதுதான் ஆவி விடும். மலையில் கெட்டதாக நினைப்பார்கள். கெட்டது ஊரில், எப்போதோ.

பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சின் சுவர் வழியாகத் தண்ணீரில் இறங்குகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டர் காற்றிடம் கைமாற்ற வேண்டும். எவ்வளவு கைமாறும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, மார்கழிக் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. சித்திரை மதியம் காற்று 39 டிகிரி என்றால் வித்தியாசம் 51. அதே ரேடியேட்டர் ஐந்தில் ஒரு பங்குத் திறனை இழந்துவிட்டது, எதுவும் கெடாமலே. மார்கழியில் ஒளிந்திருந்த அடைப்பு சித்திரையில் வெளியே வருவது இந்தக் கணக்கால்தான்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, குக்கர் வெயிட் போன்றது. அதன்மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அழுத்தத்தின் அளவைப் பொறித்திருக்கும். 0.9 மூடி தன் ஸ்பிரிங்கால் அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்தால், வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து, ரிசர்வ் பாட்டில் வழியாகப் பொங்கி ஊற்றும். மூடியில் இன்னொரு சின்ன வால்வும் இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது பாட்டிலில் இருக்கும் தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உறிஞ்சிய பைபோல் சப்பிக் கிடந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மூடியின் விலை சில நூறு ரூபாய். வேறெதையும் வாங்குமுன் இதை மாற்றிப் பார்ப்பது லாபம். ஆனால் சூட்டில் திறக்காதீர்கள். அழுத்தம் விட்ட கணமே உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரைமணி, முக்கால் மணி ஆறவிட்டு, மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது தளர்ந்திருந்தால் மட்டும் துணி போட்டுத் திறக்கலாம்.

ஃபேன் ஏன் ஓடவில்லை

அம்பாசடரில் இந்தப் பிரச்சினை எளிது. ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே இருக்கும், பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10, 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்; அதற்குமேல் இறங்கினால் வழுக்குகிறது. மாருதி 800, ஜென், சான்ட்ரோ வகையறாவில் மின்சார ஃபேன். ஃபியூஸ், ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே, தண்ணீர் சுட்டதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்ச், மோட்டார், எர்த் (வண்டியின் உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) ஆகிய ஐந்தில் எது அறுந்தாலும் ஃபேன் நிற்கும்.

ஃபியூஸைப் பார்த்தபின், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். சாவி எடுத்த பிறகும் திடீரென்று ஓடும் ஃபேன்கள் உண்டு, விரல் போய்விடும். இறக்கை தடையில்லாமல் சுழல வேண்டும். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ மோட்டாரின் புஷ் தேய்ந்திருக்கிறது. இறுகிய மோட்டார் கரண்ட் அதிகம் இழுக்கும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போவது பெரும்பாலும் இதனால்தான். அதற்குப் பெரிய ஃபியூஸ் போட்டால் உருகுவது வயராக இருக்கும்.

அடுத்து நெகட்டிவை மாட்டி, மோட்டார் கனெக்டரைக் கழற்றி, 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இரண்டு வயரால் பேட்டரியிலிருந்து நேரே கொடுத்துப் பாருங்கள். எந்த வயருக்குப் பாசிட்டிவ் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையா, மோட்டார் போய்விட்டது. தேடல் அங்கேயே முடிந்தது. ஓடினால் கனெக்டரை மாட்டி, தெர்மோ ஸ்விட்சின் இரண்டு வயரை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போடுங்கள். ஃபேன் ஓடினால் குறை ஸ்விட்சில், அல்லது அதைச் சுற்றியுள்ள தண்ணீரில். ஓடாவிட்டால் ரிலே: அதே நம்பருள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்டியின் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் மட்டும் இப்படி வயரை இணைக்கக்கூடாது. அதில் இருப்பது ஸ்விட்ச் அல்ல, சென்சார். எஞ்சின் ஓடும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றினால், பல வண்டிகளில் பெட்டி பயந்துபோய்த் தானாகவே ஃபேனை ஓடவிடும். சோதனைக்கு அது போதும்.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் சோம்பலாக ஓடுகிறது என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் உப்புக்காற்றில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும் பிடித்திருக்கும். ஃபேன் ஓடும்போது மோட்டாரின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மோட்டாருக்குச் சேரவேண்டியதைத் துரு தின்கிறது. போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும்.

மோட்டார் மாற்றிய வண்டியில் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தம் மட்டும் நன்றாக வரும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் வண்டியில், முன்பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டினால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பறந்து விழுந்தால் வயர் மாறியிருக்கிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டை உடைந்தது என்று தூக்கிப் போடுவதும் தப்பு. அது இல்லாமல் ஃபேன் தள்ளிய சூட்டுக்காற்றே பக்கவாட்டில் சுற்றி மறுபடி ஃபேனுக்குள் வரும்.

இனி, அதிகம் பேர் தவறவிடும் இடம். தெர்மோ ஸ்விட்ச் தண்ணீரின் சூட்டை அளக்கிறது. ஒழுக்கினால் மட்டம் இறங்கி ஸ்விட்ச் காற்றுக்குமிழியில் நின்றுவிட்டால், பக்கத்தில் எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. ஃபேன் ஓடாது. டெம்பரேச்சர் முள்ளின் சென்சாரும் அதே நிலைதான்: ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று இறங்கும், ஓட்டுபவர் நிம்மதி அடைவார், அந்த நிமிடத்தில் சிலிண்டர் ஹெட் வளையும். ஆகவே ஃபேன் ஓடவில்லை என்று வரும் வண்டியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது முதலில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ஸ்விட்ச் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் இருந்து குழாய்கள் அடைத்திருந்தாலும் இதே கதைதான். சூட்டுத் தண்ணீர் ஸ்விட்சை எட்டவே எட்டாது. சாலையோரத்தில் ஃபேனைச் சாவியோடு நேரே சேர்த்து ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள். வீடு வந்து சேர அது சரி. அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால் மோட்டார் பிரஷ் சீக்கிரம் தேயும். உண்மையான குறையும் உள்ளேயே கிடந்து வளரும்.

தண்ணீர் எங்கே போகிறது

சின்ன கார்களில் மொத்தமே 4 லிட்டர் அளவுதான் பிடிக்கும். வாரம் அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் அது எங்கோ போகிறது. இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். காலையில் ஈரம் விழுந்த இடத்துக்கு நேர்மேலே தேடலாம். ஏசி போட்டுவிட்டு நிறுத்திய வண்டியில் சொட்டும் நிறமற்ற, மணமற்ற நீர் ஒழுக்கு அல்ல. நம் கடலோர ஈரக்காற்றுக்கு அது ஒரு டம்ளர்கூட வரும். பச்சையோ சிவப்போ கலந்து, விரலில் வழவழத்து, இனிப்பு மணம் வந்தால் கூலன்ட்.

சொட்டு விழாமலும் தண்ணீர் குறையும். சூட்டில் மட்டும் திறக்கும் நூலளவு ஓட்டையிலிருந்து வரும் நீர் கீழே விழுமுன்பே ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த உப்புக்கோடுதான் தடயம். ஹோஸ் கிளிப்புகளுக்கு அடியில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில், எஞ்சின் பக்கவாட்டில் உள்ள கப் பிளக்குகளில் (கிண்ணம்போன்ற தகட்டு மூடிகளில்) டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. சிலர் அதைத்தான் ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பார்கள். உள்ளே சீல் போய்விட்டது என்று சொல்வதற்காகவே வைத்த துளை அது. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பம்ப் வழியில் இறுகும். ஹீட்டர் உள்ள வண்டியில் முன்சீட்டுக் கால்மிதி நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இதற்கெல்லாம் அழுத்திப் பார்க்கும் கைப்பம்ப் பட்டறைகளில் இருக்கும். மூடியில் பொறித்த அழுத்தம் வரை ஏற்றி 10 நிமிடம் விட்டால் பம்பின் முள் இறங்கக்கூடாது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் ஓடவிட்டால் விடாமல் குமிழி வரும். மூடியிட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகுமுன், மேல் ஹோஸ் கல்லாக இறுகும். எண்ணெய் மூடிக்கு அடியில் பால்காபி நிறத்தில் ஆடை படிந்திருக்கும். இது வந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றி, தளம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கேஸ்கெட் போட வேண்டும். குறுக்குவழி இல்லை.

மஞ்சள்தூள் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. லாரிக்காரர்கள் கண்ட உத்தி அது, பொய்யும் அல்ல. மஞ்சளின் மாவுச்சத்து சூட்டில் ஊறிக் கூழாகி, ஊசித்துளையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதே கூழ் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிக்கும் என்பதுதான் வினை. நடு ராத்திரியில் வேதாரண்யம் சாலையில் நிற்பதைவிட மஞ்சள் மேல், ஊர் வந்ததும் முழுதாகக் கழுவிவிட்டால். பழைய தாமிர–பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் ஈயம் பற்றவைத்து, தொட்டியைத் திறந்து குழாய்களில் தகடு விட்டுச் சுத்தம் செய்வார்கள். நாச்சியார்கோவில் விளக்கு வார்க்கும் ஜில்லாவில் பித்தளைக்கு ஆள் பஞ்சமில்லை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கோரில் அந்த வேலை நிற்காது, மாற்றுவதே நல்லது.

உள்ளே உப்பு, வெளியே உளுந்து

ஒழுகிய அளவுக்கு அடிபம்புத் தண்ணீரை ஊற்றுவதே பெரும்பாலான ரேடியேட்டர்களைக் கொல்கிறது. கடலோர டெல்டாவின் நிலத்தடி நீர் உப்பு. அதன் குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். சுண்ணாம்புச்சத்து, தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைந்து நிற்க முடியாமல், சூடு அதிகமுள்ள சிலிண்டர் சுவரிலேயே படியும். தண்ணீர் சுடவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான். டிஸ்டில்ட் வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். இங்கே உறைபனி கிடையாது, ஆகவே கூலன்ட் 30 முதல் 40 சதவீதம் போதும். நாம் அதை வாங்குவது துருத்தடுப்புக்கும் கொதிநிலைக்கும். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டி. பாதிக்குப் பாதி கலந்தால், எடைக்கு எடை, அந்தத் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

வெளியடைப்பும் இந்த ஊருக்கே உரியது. தை, மாசியில் சாலையில் நெல்லும் வைக்கோலும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைப் பரப்பி வண்டிகளை ஏறவிடுவார்கள். அந்தத் தூசும் சருகும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இரண்டு விரல் இடைவெளியில் மெத்தைபோல் அடைந்துகொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றிச் சாய்த்து, எஞ்சின் பக்கமிருந்து வெளியே போகும்படி தோட்டக் குழாயால் மெதுவாக அடிக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் தகடுகளை மடக்கிவிடும்.

‘நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு’ என்பார்கள். அது 82 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும் மெழுகு வால்வு. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, முன்னைவிட அதிகமாகச் சூடேறும்.

வேலை முடிந்து நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் சற்று உயர்த்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச்சூட்டில் திருகி, மூடியில்லாமல் மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழிகள் வெளியேறும். ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சுட ஆரம்பிக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும். அது தெர்மோஸ்டாட் திறந்த நேரம். இறங்கிய அளவை நிரப்பி மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி இரண்டு முறை நிற்கும்வரை விடுங்கள். இரவு முழுக்க ஆறட்டும். காலையில் மட்டத்தையும் அட்டையையும் ஒருசேரப் பாருங்கள். வடித்த பழைய கூலன்ட்டை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது இனிப்பான விஷம். நாயும் கன்றும் வாத்தும் தேடி வந்து குடிக்கும். கேனில் பிடித்து மூடி வையுங்கள்.