ஸ்டேபில்: தமிழில் நிலைச்சிற்பம்

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் (1898–1976) வேலைகளுக்காகப் பிறந்த சொல் இது. அவர் செய்த அசையும் சிற்பங்களுக்கு 1931இல் பாரிஸில் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் ‘மொபைல்’ என்று பெயர் வைத்தார். அப்படியென்றால் முன்பு செய்த அசையாதவை ‘ஸ்டேபில்’களா என்று 1932இல் கேட்டார் நண்பரும் சிற்பியுமான ழான் ஆர்ப். விளையாட்டாகக் கேட்டதுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. இலத்தீன் வேருக்கு ‘உறுதியாக நிற்பது’ என்று பொருள்.

கோயில் தூணில் உள்ள யாளியும் அசையாதுதானே, தனிச்சொல் எதற்கு? கால்டரின் பெரிய ஸ்டேபில்கள் குடைந்தெடுத்தவை அல்ல. எஃகுத் தகடுகளை வளைவாகவும் முக்கோணமாகவும் வெட்டி, போல்ட்டு போட்டு முடுக்கியவை. பீடம் கிடையாது, தரையிலேயே கால் ஊன்றி நிற்கும். அடியில் புகுந்து நடக்கலாம். நாம் நகர நகர வளைவுகள் விரியும், மடங்கும்.

இவற்றை ‘அருவச் சிற்பம்’ (abstract sculpture) என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அருவம் என்றால் உருவமற்றது. கண்முன் நிற்கும் முக்கோணத்துக்கு உருவம் இல்லையா? அந்தப் பெயரை நம்பி வருபவர் உள்ளே ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்றைத் தேடுகிறார். கிடைக்காதபோது ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரச் சதுக்கத்தில் 1969இல் கால்டரின் ஸ்டேபில் ஒன்றை நிறுத்தினார்கள். 43 அடி உயரம், 42 டன், செக்கச்சிவப்பு. பிரான்ஸில் செய்து, பகுதி பகுதியாகக் கொண்டுவந்து பூட்டியது. கூட்டரசின் கலை நிதியிலிருந்து 45,000 டாலர் வந்தது. இது எதைக் காட்டுகிறது, இதற்கா இவ்வளவு பணம் என்று ஊரில் எதிர்ப்பு. பின்னாளில் அதே வடிவம் நகராட்சியின் சின்னமாகிக் குப்பை வண்டிகளிலும் ஏறியது. சதுக்கத்தையே ‘கால்டர் பிளாசா’ என்கிறார்கள்.

அந்தச் சிற்பத்தின் பெயர் ‘லா கிராண்ட் வித்தெஸ்’. பெருவேகம் என்று பொருள். கிராண்ட் ராப்பிட்ஸ் என்றால் ஆற்றின் பெரும் விரைவோட்டங்கள்; அந்த ஊர்ப்பெயரின் பிரெஞ்சு எதிரொலி இது. நகராத 42 டன்னுக்கு வேகம் என்று பெயர்!

இந்த முரணைத் தாங்கும் சொல் தமிழில் இருக்கிறது. விலங்கை இயங்குதிணை என்றும் செடிகொடியை நிலைத்திணை என்றும் பிரித்த மொழி இது. அந்த வழியில் மொபைலை இயங்குசிற்பம் என்றும் ஸ்டேபிலை நிலைச்சிற்பம் என்றும் சொல்லலாம். வாசலில் நாம் குனிந்து நுழையும் மரச்சட்டமும் நிலைதான். நான்கு வீதியும் ஓடிவந்த தேர் நிற்கும்போதும், ‘நிலைக்கு வந்துவிட்டது’ என்றுதானே சொல்கிறோம்?