அளவு நாடாவுக்கு வேலையில்லாத கட்டடம்

மடித்த காகிதம், மரக்கட்டை, கொஞ்சம் பசை. ஸ்பெயினின் பில்பாவ் நகரில் ஆற்றங்கரையில் நிற்கும் குகன்ஹைம் அருங்காட்சியகம் தொடங்கியது இவற்றில்தான். வடிவமைத்த ஃபிராங்க் கெரி கணினிப் பக்கம் போகாதவர். கையால் காகிதத்தை வளைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், பிடிக்காவிட்டால் பிய்த்துவிட்டு மறுபடி வளைப்பார்.

அந்தக் காகித நெளிவை இரும்பில் எப்படிக் கட்டுவது? வழக்கமான வீட்டுக்கு பிளான் (மேலிருந்து பார்த்தது), எலிவேஷன் (எதிரே நின்று பார்த்தது), செக்ஷன் (குறுக்கே வெட்டிப் பார்த்தது) என்று மூன்று வகை வரைபடம் போதும். மீதியைக் கொத்தனார் மனதுக்குள் சேர்த்துக்கொள்வார். ஆனால் சாணுக்குச் சாண் வளைவு மாறும் சுவரை எந்த இடத்தில் வெட்டி வரைவது? வெட்டும் இடமெல்லாம் வேறு வேறு படம் வரும்.

கெரியின் குழுவினர் விமானக்காரர்களிடம் போனார்கள். ரஃபேல் செய்கிற பிரான்சின் டசால்ட், தன் போர் விமானங்களை வடிவமைக்க உருவாக்கிய மென்பொருள் காட்டியா. 1992 ஒலிம்பிக்கை ஒட்டி பார்சிலோனாவில் எழுப்பிய பிரம்மாண்ட மீன் சிற்பத்தில் முதலில் அதைப் பழகினார்கள். பிறகு பில்பாவ்.

அப்போதைய வரைகலை மென்பொருள்கள் பல, வளைவைச் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளாக ஒட்டிக் காட்டின. திரையில் அழகாகத்தான் இருக்கும். இரண்டு துண்டுக்கு நடுவே சரியான உயரம் என்ன என்று கேட்டால்தான் தடுமாறும். காட்டியா அந்தப் பரப்பைச் சமன்பாடுகளாகவே வைத்திருந்தது. எந்தப் புள்ளியைக் கேட்டாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சொல்லும். அடுக்குமாடி விளம்பரங்களில் நாம் பார்க்கும் ‘3டி’ வீடியோ பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். கேள்வி கேட்டால் பதில் சொல்வதைத்தான் மாடல் என்பேன்.

காகித மாதிரியின் மேல், மூட்டுகள் கொண்ட, கை போன்ற கருவியில் பொருத்திய ஊசியால் புள்ளி புள்ளியாகத் தொட்டார்கள். மூட்டுகள் திரும்பிய கோணங்களிலிருந்து ஊசிமுனை இருக்குமிடம் கணக்காகிவிடும். அந்தப் புள்ளிகளின் வழியே கணினி பரப்பை விரித்தது.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கும் முதன்மை இரும்புச் சட்டங்கள் நேரானவை, சுமார் 3 மீட்டர் கட்டங்களாக. நெளிவு முழுக்க அவற்றின் மேல் ஏறிய அடுக்குகளில். ஒவ்வொரு துண்டிலும் பார்கோடு. தளத்தில் அதை வருடினால் மாடலில் அத்துண்டுக்குரிய இடம் தெரியும். லேசர் கருவி அந்த இடத்தைக் காட்டும். டேப் பிடிக்காமலே கட்டினார்கள் என்று சொல்வது இதனால்தான். மேலே அரை மில்லிமீட்டரும் இல்லாத டைட்டானியத் தகடுகள். 1997 அக்டோபரில் திறந்தார்கள்.

இன்று மருத்துவமனை, மெட்ரோ நிலையம் என்று எல்லாவற்றுக்கும் மாடல் போடுகிறார்கள். அதில் பீமுக்கு (கூரையைத் தாங்கும் உத்திரம்) தான் பீம் என்றும், குழாய்க்குத் தன் விட்டம் எவ்வளவு என்றும் ‘தெரியும்’. இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் கணினி பிடித்துவிடும். லட்சம் பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட நேரம் போதாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்ததாகப் பாவித்து, பெட்டிகள் உரசும் ஜோடிகளை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கும். வீடு கட்டும்போது பீமைக் குடைந்து குழாய் விட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பட்டியலில் வரும் மோதல்களில் பல ஒன்றுமில்லாதவையாக இருக்கும். ஒரு பொறியாளர் உட்கார்ந்து சலிக்க வேண்டும். யார் விலகுவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். பீம் நகராது. கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு வேண்டும், அதையும் தூக்கிவிட முடியாது. ஏசி குழாய் பருமன். கடைசியில் சுற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் மின்கம்பிதான்.