விக்டோரியா காலத்து இடுப்பும் தொப்பியும்: கெரட்டின் தாங்கிய உடை

விக்டோரியா அரசி ஆண்ட காலத்து (1837–1901) ஆங்கிலேயப் பெண்ணின் உடையை இன்று தைக்க உட்காருகிறவர், கவுனை எடுத்துக்கொள்வதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் முடித்துவிட வேண்டும். வியர்வையை வாங்கிக்கொள்ள ஒரு பருத்தி ஷிமீஸ், அதன் மேல் இடுப்பைக் கயிறு கோத்து இறுக்கும் விறைப்பான உள்கச்சான கார்செட், அப்புறம் உள்பாவாடைகள். இவ்வளவையும் போட்டு நின்ற பிறகுதான் மேலுடைக்கு அளவே எடுக்க முடியும். மேலுடை பொருந்த வேண்டியது கார்செட் உண்டாக்கித் தரும் உருவத்துக்கு.

அந்த உருவம் எப்படி வருகிறது? இடுப்பை நசுக்கிச் சிறிதாக்குவதால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இடுப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஏறக்குறைய நீள்வட்டம். பக்கவாட்டு அகலம் 30 செ.மீ., முன்பின் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 79 செ.மீ. வரும். அதே 79 செ.மீ. சுற்றளவை முழு வட்டமாக்கினால் அதன் விட்டம் 25 செ.மீ.தான். டேப்பில் அளவு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எதிரே நின்று பார்ப்பவருக்கு இடுப்பு 5 செ.மீ. மெலிந்திருக்கும்!

கார்செட் இடுப்பை அந்த வட்டத்தை நோக்கித்தான் தள்ளுகிறது. சுற்றி இழுத்துக் கட்டிய துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தாது. இழுவிசையை அந்த இடத்து வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே அழுத்தம். ஆரம் சிறியதாக உள்ள இரு பக்கங்களிலும் அழுத்தம் கூடும், தட்டையான முன்னும் பின்னும் குறையும். பக்கங்கள் உள்ளே போகின்றன, இடுப்பு உருண்டு திரள்கிறது. கீழே விரிந்த பாவாடை அதை இன்னும் சிறிதாகக் காட்டிவிடும்.

அருங்காட்சியகத்தில் உள்ள கார்செட்டை அளந்துவிட்டு, போட்டவரின் இடுப்பே அவ்வளவுதான் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. முதுகுப்பக்கம் இரண்டு ஓரங்களும் ஒட்டும் அளவுக்கு எல்லோரும் கட்டவில்லை. நடுவே இரண்டு அங்குலமோ கூடுதலோ இடைவெளி விடுவது சாதாரணம். இடுப்பு சிறுக்க விலா எலும்பை அறுத்து எடுத்தார்கள் என்ற கதைக்கும் ஆதாரம் கிடையாது. அதற்காக கார்செட் தீங்கே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. வளரும் வயதிலேயே இறுக்கிக் கட்டப்பட்ட பெண்களின் விலாக்கூடு உருமாறியது எலும்புக்கூடுகளில் தெரிகிறது. கீழ் விலாக்கள் விரிய இடமில்லாததால் மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும்.

இத்தனை இழுப்பைத் தாங்கும் துணி நெகிழக் கூடாது. உடம்போடு ஒட்டி நிற்க ஜாக்கெட்டை கிராஸ் கட்டில் வெட்டுவோமே, அந்த வழக்கம் இங்கே ஆகாது. பாவும் ஊடையும் நேராக ஓடும்படி, நெருக்கமாக நெய்த ‘கூட்டில்’ (coutil) என்ற பருத்தித் துணியில் வெட்ட வேண்டும். இடுப்போ மேலும் கீழும் விரிந்து நடுவில் ஒடுங்கும் சேண வளைவு. தட்டைத் துணி ஒன்றை எப்படிச் சுற்றினாலும் அதில் சுருக்கமில்லாமல் படியாது. அதனால்தான் மேலும் கீழும் அகன்று நடுவில் குறுகிய துண்டுகளைப் பக்கம் பக்கமாக மூட்டுகிறார்கள். கயிறு கோக்க நூலால் காஜா எடுத்த துளைகள் கிழிந்துபோன தொல்லை, 1820களில் ஐலெட்டுகள் என்ற உலோகத் துளை வளையங்கள் வந்த பிறகு தீர்ந்தது.

துண்டுகள் மட்டும் போதாது. இறுக்கியதும் துணி சுருண்டு இடுப்பில் கயிறு போல் திரளும். அதைத் தடுக்க மேலிருந்து கீழாகச் சொருகிய பட்டைகள்தான் இந்த உடையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. திமிங்கில எலும்பு என்று விற்றாலும் எலும்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பலீன் வகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து தொங்கி, கடல்நீரிலிருந்து இரையை வடிகட்டும் தகடுகள் அவை. வில்தலைத் திமிங்கிலத்தில் 4 மீட்டர் வரைகூட வளரும். நம் முடியும் நகமும் ஆன அதே கெரட்டின் புரதம். நார் ஓடும் வாக்கில் எவ்வளவு மெல்லியதாகவும் பிளக்கலாம், ஒடியாமல் வளையும்.

சூடும் ஈரமும் பட்டால் கெரட்டின் இழைகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன. ஆறிக் காய்ந்ததும் புதிய நிலையில் மறுபடி பிணைகின்றன. ஈரத் தலையைப் பின்னிவிட்டுக் காய்ந்தபின் அவிழ்த்தால் முடி அலை அலையாக நிற்பதும் இதனால்தான். கார்செட்டுக்குள் உடம்பின் சூடும் வியர்வையும் பலீனை இளக்கி, அணிபவரின் உருவத்துக்கே பழக்கிவிடும். எஃகுப் பட்டை இப்படிப் பழகாது. திமிங்கிலங்கள் அருகி விலை ஏறியபோது, 1883இல் அமெரிக்காவில் வாரன் என்பவர் வான்கோழி இறகின் தண்டிலிருந்து மாற்றுப் பட்டை செய்தார். அதுவும் கெரட்டின்தான்!

தொப்பிக்கு வந்தாலும் அதே பொருள். ஃபெல்ட் தொப்பியில் நெசவே கிடையாது. முயல் ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிசையப் பிசைய ஒவ்வொரு இழையும் அடிப்பக்கமாக மட்டும் நகரும், பின்வாங்காது. ஒன்றோடொன்று சிக்கிப் பிரிக்க முடியாத தகடாகிவிடும். அந்தத் தகட்டை ஆவியில் காட்டி, மர அச்சில் இழுத்துப் போர்த்தி, ஆற விடுவார்கள். பலீனில் நடந்த அதே பிணைப்பு மாற்றம் இங்கே கிண்ண வடிவைத் தருகிறது. விறைப்புக்கு அவலரக்கை (ஷெல்லாக்) ஆல்கஹாலில் கரைத்துப் பூசினார்கள். அந்த அரக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது.

இதில் ஒரு கொடுமையும் நடந்தது. முயல் ரோமம் தானாக நன்றாகச் சிக்காது என்பதால் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவிச் செதில்களைக் கிளப்பிவிட்டார்கள். ஆவி பிடிக்கும்போது கிளம்பிய பாதரசத்தைப் பட்டறைத் தொழிலாளர்கள் நாள் முழுக்க மூச்சில் இழுத்தார்கள். கை நடுக்கம், பல் ஆட்டம், மனக் கலக்கம் என்று அவர்கள் வாழ்வே சிதைந்தது. அமெரிக்காவில் இந்த முறை ஒழிய 1941 ஆயிற்று. அணிந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள், செய்தவர்கள் தப்பவில்லை.

இன்று கார்செட் தைப்பவர்கள் வளையும் எஃகுப் பட்டையோ, பலீனைப் போலவே சூட்டில் இளகி ஆறியதும் நிற்கும் பிளாஸ்டிக் பட்டையோ வாங்கிக்கொள்கிறார்கள். உடலோடு பழகும் குணம் வேண்டுமானால் பிளாஸ்டிக்தான் என் தேர்வு. தொப்பிக்குப் புதிய கம்பளி ஃபெல்ட் போதும், அதை ஆவியில் காட்டி அச்சில் ஏற்றுவதில் ஆபத்து இல்லை. பழங்காலத் தொப்பி கிடைத்தால் அதை மட்டும் ஆவியில் காட்டி வடிவம் மாற்ற முயல வேண்டாம். நூறு வருடம் கழிந்தும் அந்த ரோமத்தில் பாதரசம் இருக்கலாம், சூடு பட்டால் அது ஆவியாகி மூச்சில் ஏறும்.