ஜவ்வு சேர்ந்துவிட்டது, மனசு இன்னும் ஊன்றவில்லை

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். எங்கள் பிசியோதெரபி கூடத்துக்குப் பின்னால் மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு பையனைப் பாடிப் போகச் சொன்னேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், ஊர் கபடி அணியின் முதல் ரைடர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தை மாத மின்னொளிப் போட்டியில் இடது முட்டியின் முன் ஜவ்வு அறுந்தது. மாசியில் ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதப் பயிற்சி. ஒற்றைக் காலில் தாவும் சோதனையில், நல்ல கால் தாண்டும் தூரத்தில் 95 சதவீதத்தை அடிபட்ட கால் தாண்டியது. 90 வந்தாலே தேறியதாகக் கொள்வோம்.

எதிரே ஆளே இல்லை. போனஸ் கோட்டருகே இடது காலை ஊன்றிச் சட்டென்று திரும்ப வேண்டும். அவனோ மூன்று சின்ன எட்டு வைத்து, வண்டி திருப்புவதுபோலச் சுற்றி வந்தான். மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அதே மூன்று எட்டு. பார்வை எதிர்க்களத்தில் இல்லை, முட்டியில் இருந்தது.

“முட்டி நல்லாத்தான் மேடம் இருக்கு. அத நம்பி ஊன்றதுக்குத்தான் மனசு வரல.”

தொழிலுக்கு வந்த புதிதில் இந்த மூன்று எட்டை நான் கவனித்ததே இல்லை. தசை பலம், மடங்கும் அளவு, தாண்டும் தூரம் மூன்றும் சரியாக இருந்தால் “போய் ஆடுப்பா” என்று அனுப்பிவிடுவேன். அப்படிப் போனவர்களில் சிலர் ஒரு சீசனோடு நின்றுபோனார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65. போட்டிகளில் மீண்டும் ஆடியவர்கள் 55தான். முட்டி நன்றாக வேலை செய்தும் ஆட வராதவர்களைக் கேட்டால், “திரும்ப அடிபட்டுருமோ” என்ற பயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இந்த நம்பிக்கையை அளக்கவே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2008 முதல் இருக்கிறது. ஊசி, ஸ்கேன், செலவு எதுவும் வேண்டாம். கேட்க ஆள்தான் வேண்டும்.

நம்மூரில் இந்தப் பயத்துக்குத் தீனி போடுவது செல்போன். எந்தக் கோயில் திடலில் போட்டி நடந்தாலும் இப்போது யூடியூப் நேரலை உண்டு. இவன் விழுந்த பன்னிரண்டு நொடியை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் விட, அது ஊர் ஊராகப் போய் இவனிடமே திரும்பி வந்தது. எதிரணியில் மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் கணுக்காலைப் பிடிப்பதும் ஊன்றிய கால் திருகுவதும் அதில் இருக்கிறது. தினமும் தூங்கப் போகுமுன் பார்த்திருக்கிறான், ஆறு மாதமாக. அழிக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அவன் நன்றாக ஆடிய பழைய ரைடுகளைத் தேடி எடுத்துவரச் சொன்னேன். படுக்கப் போகுமுன் அவற்றைப் பார்த்து, கண்ணை மூடி, இடது கால் ஊன்றுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது வீட்டுப்பாடம்.

அம்மா “இனிமே கபடிப் பேச்சே எடுக்காதே” என்கிறார். டீக்கடையில் “எப்ப தம்பி எறங்கப் போற?” என்கிறார்கள். அணி இவன் பனியன் எண்ணை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிவிடலாம் என்று கனவு கண்டவனுக்கு இதெல்லாம் சின்ன விஷயமா? பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடிபட்டவனை வீட்டோடு விட்டுவிடாதீர்கள். ஸ்கோர் எழுதவாவது கூப்பிடுங்கள்.

பயமே இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லப்போனால் எனக்கு அவர்கள்தான் கூடுதல் கவலை. சித்திரைத் திருவிழாப் போட்டிக்காக மூன்றே மாதத்தில் முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறவர்கள். ஆபரேஷன் ஆனவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்த நார்வே ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஒன்பதாவது மாதம்வரை, ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். அந்தப் பையன்களிடம் நான் சொல்வது: பொங்கலுக்கு ஆட வேண்டுமென்றால் சித்திரையை விட்டுவிடு.

பயந்தவனிடம் “தைரியமா இரு” என்று சொல்லிப் பயனில்லை. படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். முதல் வாரம் ஆளில்லாத களம். அடுத்து ஒருவர் எதிரே நிற்பார், தொடமாட்டார். பிறகு தொடுவார். அதன்பின் கணுக்கால் பிடி. பிடிப்பவன் இவனுடைய நெருங்கிய கூட்டாளி. “விடு” என்றதும் விட்டுவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒவ்வொரு படியிலும் “பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?” என்று கேட்டு நோட்டில் எழுதினோம். முதல் பிடியன்று 3. அன்றைக்கு முட்டியில் கொஞ்சம் நீர் கோத்தது. நீர் கோத்தால் தொடைத் தசை தானாகவே முழுதாக இயங்காது, நரம்புவழி ஒரு தடை அது. முட்டி மறுபடி போய்விட்டது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். ஜவ்வைச் சோதித்துக் காட்டி, இரண்டு நாள் ஐஸ் வைத்து ஒரு படி கீழே இறங்கினோம்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், புதிதாகக் குடிக்கத் தொடங்கி, “இருந்து என்ன பண்ணப் போறேன்” என்று ஒருவன் பேசினால், அது என் கையில் இருக்கும் வேலை இல்லை. மனநல மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்ப வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையன் இந்தத் தையில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கினான். நான் நேரலையில்தான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஆறு ரைடு, இரண்டு புள்ளி. நாலு தடவை அதே மூன்று எட்டு. ஐந்தாவது ரைடிலும் ஆறாவது ரைடிலும் இடது காலை ஊன்றித் திரும்பினான். ஆறாவதில் பிடிபட்டான். எழுந்து, முட்டியைப் பார்க்காமல் நடுவரிடம் ஏதோ வாதம் செய்துகொண்டே வெளியே போனான்.